"ஏட்டி, சாப்பிடு" என்றால் போதுமா?

மணிமுத்தாறில் ஒரு பெண் சாப்பிட மறுத்தால் நம்ம ஊர் வைத்தியம் என்ன? முதலில் "திமிரு", அடுத்து டானிக், அப்புறம் கோடாங்கி!

அனோரெக்சியா என்பது திமிர் அல்ல மக்களே, எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் பட்டினி போடவைக்கும் மனநோய். எலும்பும் தோலுமாய் ஆனவளுக்கு ஒரேயடியாக ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிரே போகலாம். இதை நர்ஸ் அக்காவுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

"பட்டணத்து வியாதி" என்று தட்டிக்கழிக்காதீர்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறது. அந்த அக்காக்களுக்கு இதற்கும் பயிற்சி கொடுங்கள். சந்தேகம் வந்தால் கேட்க, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மனநல டாக்டர் போனில் கிடைக்க வேண்டும். கவனித்துக் களைத்த தாய்க்கும் துணை வேண்டும்.

கொடைக்கு ஊரே கூடிச் சோறு போடுகிறோம். சாப்பிட முடியாதவளுக்கு?