இலையில் சுட்ட பொங்கல் பலகாரம்



போகி நெருங்கினால் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெஷின் சத்தம் ஓய்ந்துவிடும். மதுரை, தேனிப் பக்கத்துக்காரர்கள் கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்வார்கள். ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் பலர் போவதில்லை. போக வர ரயிலிலேயே லீவு தீர்ந்துவிடும். அவர்களுக்கு ஏது பொங்கல் என்றுதான் நாமும் நினைத்துக்கொள்கிறோம்.

இருக்கிறது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் மகர சங்கராந்திதான் பெரிய பண்டிகை. ஜார்க்கண்டின் சந்தால் பர்கனாவில் அதையொட்டியே சொஹ்ராய்: மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவிக் கும்பிடுவார்கள். நம் பட்டிப்பொங்கலேதான்! எல்லாரையும் ‘இந்திக்காரர்’ என்று ஒரே பட்டியில் அடைத்துவிடுகிறோம். அங்கிருந்து வரும் சந்தால் பழங்குடியினரின் வீட்டு மொழியோ சந்தாலி. மயூர்பஞ்ச்காரரான ரகுநாத் முர்மு 1925இல் அதற்கென்றே ‘ஒல் சிக்கி’ எழுத்தை உருவாக்கினார். 2003இல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலும் அந்த மொழி இடம்பிடித்தது.

சந்தால் மக்களின் பண்டிகைப் பலகாரம் ஜெல் பிட்டா என்ற கறி ரொட்டி. லைன் வீடு ஒன்றில், ஓவர்லாக் அடிக்கும் பெண் ஒருவர் போன தையில் அதைச் சுட்டார். ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவில் பொடியாக நறுக்கிய கோழிக்கறி, வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாய், மஞ்சள். ஊரில் என்றால் சால் இலையில் பரப்பி, மேலும் ஓர் இலையால் மூடித் தணலில் சுடுவார்கள். சால் மரத்துக்கு இங்கே எங்கே போவது? வாழையிலையும் தோசைக்கல்லும்தான். மேலே கனத்த மூடி, அடுப்பு சிம்மில். இலை கருகும் வாசம் வந்ததும் திருப்பிப் போட்டார். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் கறிச்சாறு இறங்கிய மாவு மெத்தென்று இருந்தது.

“ஏங்கண்ணு, இதுல கவுச்சி இருக்குதா?” என்றார் வீட்டுக்கார அம்மா. நோம்பி முடியும்வரை அவர் கறி தொடமாட்டார். தேங்காயும் வெல்லமும் வைத்து அவருக்கென்று தனியாக ஒன்று வெந்தது. பதிலுக்கு ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயம் போனது. பேனர் கட்டி, மேடை போட்டு நடத்தும் உணவுத் திருவிழா எதிலும் இப்படியொரு பண்டமாற்றை நான் பார்த்ததில்லை.

இந்த இதழில் கச்சாயத்துக்கும் சந்தகைக்கும் நடுவே ஜெல் பிட்டா செய்முறையும் வருகிறது. உங்கள் காம்பவுண்டில் எந்த ஊர்ப் பலகாரம் வேகிறது? செய்தவரிடமே கேட்டு எழுதி அனுப்புங்கள். கிராம் கணக்கெல்லாம் வேண்டாம். ‘ஒரு போசி மாவு’ என்றாலே எங்களுக்குப் புரியும்.

அன்புடன்,
ஆசிரியர்