தூக்கிச் செல்கிறவனுக்கு ஒரு கணக்கு, உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு கணக்கு

ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் பெட்டி கட்டிவிடுவார்கள். ஆடி 18 அன்றுதான் சிவகாசி அச்சகங்கள் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடும். அதை எடுத்துக்கொண்டு ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டுகள் ஊர் ஊராகக் கிளம்புவார்கள். பட்டாசு ஏஜெண்டுகளுக்கும் அப்படி ஒரு சீசன் உண்டு. முன்பு அவர்கள் கையில் ஆல்பம், ஆர்டர் புத்தகம், கார்பன் தாள், இவ்வளவுதான். இப்போது லேப்டாப்பும் சேர்ந்துகொண்டது.

அதனால் "மாமா, எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. வெம்பக்கோட்டையில் காலை காப்பிக்கு முன்பே திண்ணையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருக்கும் கிழவன் நான் என்பதால் கேட்கிறார்கள் போலும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. படிக்கிற உங்களில் பலர் மகனுக்கோ பேரனுக்கோ பணம் கொடுக்கப் போகிறவர்கள். உங்களுக்கும் இது உதவும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலைந்து தொழில் செய்பவனுக்கு வேண்டிய லேப்டாப் வேறு. ஓரிடத்தில் உட்கார்ந்து கனமான வேலை பார்ப்பவனுக்கு வேண்டியது வேறு. நம் பையன்கள் முதல் வகைத் தொழிலில் இருந்துகொண்டு இரண்டாம் வகை லேப்டாப்பைத் தவணையில் வாங்குகிறார்கள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் லேப்டாப்புக்கு 'ஓர்தினத்தேர் போர்த்தாப்ள்' என்று பெயர். 'போர்த்தாப்ள்' என்றால் தூக்கிச் செல்லக்கூடியது. 'ஓர்தினத்தேர்' என்பது 1955இல் ஐ.பி.எம். கம்பெனியின் பிரெஞ்சுக் கிளை புதுப் பெயர் கேட்டபோது ழாக் பெரே என்ற பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல். ஒழுங்குபடுத்துவது என்று பொருள். ஆங்கிலத்தில் அது கணக்குப் போடும் கருவி; பிரெஞ்சில் ஒழுங்குபடுத்தும் கருவி. ஏஜெண்டுக்குப் பிரெஞ்சுப் பெயர்தான் பொருந்தும். ஆர்டர், ரேட், ஜி.எஸ்.டி. பில், பாக்கி, டிசைன் படங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்துக்கொண்டு, தூக்கிப் போகவும் முடிய வேண்டும். அவனுக்குத் தேவை அவ்வளவுதான்.

ஆபீசில் நாங்கள் கொட்டேஷன்கள் வந்ததும் ஒப்பீட்டுப் பட்டியல் போடுவோம். அதில் எந்தக் கட்டத்தை முதலில் வைக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கும். கடைக்காரர் பிராசசர் நம்பரை முதல் கட்டமாக வைப்பார். பயணம் போகிறவனுக்கு நான் போடும் பட்டியலில் முதல் கட்டம் எடை.

1981இல் வந்த ஆஸ்பர்ன் என்ற கம்ப்யூட்டரைத் தூக்கிச் செல்லலாம் என்று விற்றார்கள். எடை சுமார் 11 கிலோ; உள்ளே பேட்டரியும் கிடையாது. இன்று ஆப்பிளின் 13 அங்குல மேக்புக் ஏர் 1.24 கிலோ. லெனோவாவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பனும் அதையொட்டித்தான். பிள்ளைகள் ஆசைப்படும் கேமிங் லேப்டாப் பெரும்பாலும் 2 கிலோவைத் தாண்டும்; செங்கல் போன்ற அதன் சார்ஜர் தனி. உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி. சாம்பிள் ஆல்பமும் இரண்டு செட் துணியும் வைத்த பிறகு மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ரயிலில் போனாலும், பொதிகையிலோ சிலம்பிலோ சிவகாசியில் ஏறிச் சென்னையில் இறங்கி அடுத்த வண்டிக்கு ஓடும் தோள் ஒன்றுதானே?

இரண்டாவது கட்டம் பேட்டரி. "பத்து மணி நேரம் வரும்" என்று கடையில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பேட்டரியின் அளவு வாட்-மணி என்ற கணக்கில் பெட்டியிலோ கம்பெனி இணையதளத்திலோ போட்டிருக்கும். 50 வாட்-மணி பேட்டரி உள்ள லேப்டாப் சாதாரண எழுத்து வேலைக்கு 8 வாட் இழுத்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அதே பேட்டரியில் கனமான படவேலைக்கு 45 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம் சொச்சம்தான். சாதாரண வகுத்தல் கணக்கு. வேகம் கூடக்கூட மின்சாரத்தை அது குடிக்கும். மின்சாரம் குடித்தால் சூடாகும்.

பிராசசர் பெயரிலேயே இதற்கு அடையாளம் இருக்கிறது. இன்டெல், ஏ.எம்.டி. இரண்டிலும் நம்பருக்குப் பின்னால் 'யு' என்ற எழுத்து வந்தால் சிக்கன ரகம்; 'எச்' வந்தால் வேக ரகம். ஐ5, ஐ7 என்பதை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இந்தக் கடைசி எழுத்தைப் பார்ப்பதில்லை. பயணத்துக்கு அந்த எழுத்துத்தான் முக்கியம்.

மூன்றாவது கட்டம் நம் வெயில். எந்தக் கடையிலும் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆப்பிள் தன் லேப்டாப்பை 10 முதல் 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. சித்திரை வைகாசியில் விருதுநகர் மாவட்டத்தில் 35 டிகிரிக்குள் மதியம் எங்கே இருக்கிறது? பட்டாசுக்கு நல்லதென்று நாம் கொண்டாடும் வறண்ட வெயில் லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. காரில் வைத்துப் பூட்டிவிட்டு ஆர்டர் பேசப் போகக் கூடாது. நாள் முழுக்கச் சார்ஜரிலேயே போட்டு வைப்பதும் நல்லதல்ல. 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பல லேப்டாப்களில் உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். பட்டாசு ஆலைக்குள் மருந்து அறைப் பக்கம் செல்பேசிகூடப் போகக் கூடாது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேப்டாப்புக்கும் அதுதான். ஆபீஸ் கட்டிடத்தோடு அது நின்றுவிட வேண்டும்.

விமான விதி ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். 100 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியை விமானத்தில் கொண்டுபோக விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். அதனால்தான் பெரிய லேப்டாப்களில் 99 வாட்-மணியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது; கைப்பையில்தான் வைக்க வேண்டும். ரயிலில் இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயிண்டை அணைத்து வைப்பதும் நடக்கிறது. ஆகவே படுப்பதற்கு முன்பே சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். செல்பேசிக்கும் லேப்டாப்புக்கும் பொதுவான டைப்-சி சார்ஜரில் ஓடும் லேப்டாப்பாகப் பார்த்து வாங்கினால் பையில் ஒரு சுமை குறையும்.

நான்காவது கட்டத்தில்தான் ராம், ஸ்டோரேஜ் வருகிறது. 16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருந்தால் ஏஜெண்டுக்குத் தாராளம். மெல்லிய லேப்டாப்களில் பலவற்றுக்கு ராமைப் போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது. எனவே 8 போதும் என்று மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஐந்தாவது, அவன் பயன்படுத்தும் மென்பொருள். மேக்புக் ஏர் எடைக்கும் பேட்டரிக்கும் அருமையானது. ஃபேன் சத்தமே இல்லை. ஆனால் நம் வியாபாரிகள் கணக்கு எழுதும் டேலி அதில் நேரடியாக ஓடாது. ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்களும் நெடுநேரம் தாங்குகின்றன; சில பழைய பிரிண்டர்களுக்கு அவற்றில் டிரைவர் கிடைப்பதில்லை. தினமும் தொடும் நான்கு வேலைகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய், அந்த நான்கும் இதில் ஓடுமா என்று கேட்ட பிறகு விலை பேசுங்கள்.

இனி உட்கார்ந்து வேலை பார்ப்பவன் பக்கமும் பேச வேண்டும். சிவகாசி அச்சகங்களில் கோரல்டிராவிலும் போட்டோஷாப்பிலும் காலண்டர் டிசைன் போடும் பிள்ளைகளுக்கு வேகம் வேண்டும், பெரிய திரை வேண்டும், நிறம் உண்மையாகத் தெரிய வேண்டும். அவர்கள் 'எச்' ரகம் வாங்குவது நியாயம். எடை அவர்களுக்குப் பொருட்டில்லை. மேஜையை விட்டு அது நகரப் போவதில்லை. சொல்லப் போனால் அதே பணத்துக்கு மேஜைக் கம்ப்யூட்டர் வாங்கினால் இன்னும் வேகமாக இருக்கும், ரிப்பேரும் சுலபம்.

"வேகமும் வேண்டும், லேசாகவும் வேண்டும்" என்று கேட்பவர்களுக்கும் லேப்டாப் இருக்கிறது. விலை லட்சத்தைத் தாண்டிப் போகும். கமிஷனில் வாழ்கிற பையன் அந்தத் தவணையைக் கட்ட எத்தனை காலண்டர் விற்க வேண்டும்? தீபாவளிக்கு முன்னும் பொங்கலுக்கு முன்னும் கையில் புரளும் பணம் மாசியில் இருக்காது. தவணை மட்டும் மாசியிலும் வரும். நான் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

நம் வீடுகளில் பலவற்றுக்கு முதல் லேப்டாப் வந்தது 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில்தான். அதில் படித்து வேலைக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். 2025ஆம் ஆண்டு பட்ஜெட்டிலும் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக அறிவித்தார்கள். அப்படி ஒன்று வீட்டுக்கு வந்திருந்தால், முதல் ஒரு சீசனை அதை வைத்தே ஓட்டிப் பார்க்கட்டும். என்ன போதவில்லை என்று தெரிந்த பிறகு வாங்குவது புத்திசாலித்தனம்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்பில் பேங்க் வேலை பார்க்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு விற்கும் திங்க்பேட், லாட்டிட்யூட் போன்ற தொழில்முறை லேப்டாப்கள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. கீபோர்டு உறுதியானது, உதிரிபாகம் கிடைக்கும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வாங்காதீர்கள். விண்டோஸ் 11 ஏறாது. பேட்டரியை மட்டும் புதிதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். பென்ஷன், மின்கட்டணம், பேரப்பிள்ளைகளோடு வீடியோ பேச்சு, இதைப் போல வலைப்பூ எழுதுவது எல்லாவற்றுக்கும் அது போதும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது பையனை ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். லேப்டாப்பையும் சார்ஜரையும் சேர்த்துப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நடக்கட்டும். பிராசசர் நம்பரை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.