பங்குப் பத்திரமும் வைப்புப் பணமும்

சம்பா நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும், "கம்பெனிப் பங்கு வாங்கலாமா?" என்னும் கேள்வி நம் இல்லங்களில் எழுகிறது. வாங்குவது தவறன்று; அறியாமல் வாங்குவதே தவறு.

பத்து மா நிலத்துக்குப் பத்துப் பங்காளிகள் என்றால் ஆளுக்கு ஒரு மா. மேலும் பத்துப் பேர் சேர்ந்தால் அரை மாதான். அவர்கள் கொணரும் பணத்தால் புது நிலம் வாங்கினால் நமக்கு நட்டமில்லை. பழைய கடனுக்கே அது போய்விட்டால் நம் பங்கு இளைத்துவிடும். நிறுவனங்கள் புதுப் பங்குகள் வெளியிடும்போதும் இதுவே கணக்கு.

1926இல் கரூரில் தோன்றிய இலட்சுமி விலாஸ் வங்கியை நாம் அறிவோம். வாராக்கடன் பெருகவே, அது புதுப் பங்குகளை வெளியிட்டு முதல் திரட்டியது. இந்தியாபுல்ஸ் வீட்டுக்கடன் நிறுவனத்தோடு இணையும் திட்டத்தை 2019 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஏற்க மறுத்தது. 2020 நவம்பர் 27 அன்று அவ்வங்கி டி.பி.எஸ். இந்தியா வங்கியோடு இணைக்கப்பட்டது. பணம் போட்டு வைத்தவர்களின் வைப்புத்தொகை காக்கப்பட்டது. பங்குதாரர்களின் முதலோ முற்றிலும் நீக்கப்பட்டது. அவர்களுக்கு ஒரு காசும் கிட்டவில்லை.

ஆகவே, "பெரிய நிறுவனம் வாங்கப் போகிறது" என்னும் பேச்சை நம்பிப் பங்கு வாங்க வேண்டாம். வாங்குகிறவர் கடனை ஈடுகட்டிய பின் மிஞ்சுவதே பங்குதாரருக்கு உரியது, மிஞ்சாமலும் போகலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் ஒதுக்கிய பணம் இதில் இறங்கலாகாது.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென்று நம் ஆண்டவர் உவமையில் உணர்த்தினார். நாமும் கணக்கிட்ட பின்னரே கையொப்பமிடுவோம்.