பள்ளிக்கூடம் விட்டு அந்தி நிறுவை வரை

பிள்ளையை எந்த வயதில் லயத்தில் தனியாக விட்டுவிட்டு மலைக்குப் போகலாம்? மாதர் கூட்டங்களில் சம்பளத்துக்கும் கிலோ கணக்குக்கும் அடுத்தபடியாக நம்மிடம் கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலும் கூட்டம் முடிந்து எழும்பும்போது குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள், ஏதோ குற்றம் செய்துவிட்டவர்களைப் போல. இதுவெல்லாம் சங்கத்தில் பேசுகிற விடயமா என்ற தயக்கம் அது. சங்கத்தில் பேச வேண்டிய விடயம்தான் என்பது நமது கருத்து.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். இத்தனை வயதுக்கு மேல் தனியாக விடலாம் என்று இலங்கைச் சட்டம் வயது எதையும் குறிக்கவில்லை. ஆனால் தண்டனைச் சட்டக்கோவையில் 1995இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவரைப் பொறுப்பில் வைத்திருப்பவர், அவருக்குத் துன்பமோ உடல்நலக் கேடோ வரக்கூடிய விதத்தில் வேண்டுமென்றே கவனியாமல் விட்டால் அது குற்றம். வயதைச் சொல்லாத சட்டம் பொறுப்பை மட்டும் சொல்கிறது. அடுப்பில் சுட்டுக்கொண்டாலும் பீலித் தொட்டியில் விழுந்தாலும், “நீ எங்கே போயிருந்தாய்?” என்று முதலில் கேட்கப்படுவது தாய்தான். “மலையில் நின்றேன்” என்பாள். அந்த நேரத்தில் அவளை மலையில் நிறுத்தி வைத்திருக்கும் நேர ஒழுங்கு யார் போட்டது என்று அதற்கு மேல் எவரும் விசாரிப்பதில்லை.

அந்த நேர ஒழுங்கைக் கொஞ்சம் பார்ப்போம். பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது. சின்ன வகுப்புகளை அதற்கும் முன்பே விட்டுவிடுவார்கள். அந்தி நிறுவை நாலரைக்குப் பிறகு. கொழுந்து கூடின மாதங்களில் நிறுத்து முடித்து, சாக்கைத் தூக்கிவிட்டு, பாதையில் விறகு பொறுக்கிக்கொண்டு லயத்துக்கு வர ஐந்தரை ஆகிவிடும். ஆக, தரம் ஒன்றில் படிக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு மணித்தியாலம் ஆளில்லை. ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் அது முழுநாளாகிறது. ஞாயிற்றுக்கிழமையில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிற தாய்க்குப் பாடசாலையும் இல்லை, பல தோட்டங்களில் பிள்ளைக் காம்பராவும் இல்லை.

பிள்ளைக் காம்பரா ஐந்து வயதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பாடசாலை இருக்கிறதே என்பது நிர்வாகத்தின் பதில். இந்த ஐந்து வயதுக் கணக்கு நமக்குப் புதிதல்ல. 2013இல் வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவந்தபோதும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது என்றார்கள். பிறகு அந்த வயதையும் குறைத்துவிட்டார்கள். சவூதிக்குப் போகும் தாயிடம் பிள்ளையை யார் பார்ப்பார் என்று எழுத்தில் கேட்ட அரசாங்கம், இரண்டு மைல் தள்ளியுள்ள மலைக்குப் போகும் தாயிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் கம்பனிக்காரர்களாக இருந்திருப்பார்கள்.

“நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம், ஒன்றும் ஆகவில்லை” என்று நம் பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் வளர்ந்த லயம் இன்று இல்லை. அன்று ஒரு லயத்தில் பன்னிரண்டு காம்பராவிலும் ஆள் இருந்தது. வேலையை விட்டு ஓய்ந்த அப்பாயியும் தாத்தாவும் இஸ்தோப்பில் குந்தியிருந்தார்கள். பிள்ளைக்குப் பெற்றோர் வீட்டில் இல்லையே தவிர, தனிமை இல்லை. இன்று வாலிபப் பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போய்விட்டார்கள். பென்சன் வயதைத் தாண்டிய அப்பாயி இன்னும் கைக்காசுக்கு மலை ஏறுகிறாள். பகல் இரண்டு மணிக்கு லயத்தில் நடந்து பாருங்கள். பூட்டுப் போட்ட கதவுகள்தான் வரிசையாக இருக்கும். லயத்தில் தீப்பிடித்தால் ஒரு காம்பராவோடு நிற்பதில்லை என்பது நமக்குத் தெரியும். பழைய வயர், பலகைத் தட்டு, விறகடுப்பு, ஒரே ஒரு வாசல். மழைக்காலமானால் மண்மேடு வேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, பாடசாலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் பலர் தப்பினார்கள். வீட்டில் தனியாக இருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு, சுவரில் விழும் வெடிப்பு என்ன சொல்கிறது என்று எப்படித் தெரியும்?

இன்னொரு ஆபத்தை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். தனியாக இருக்கும் பிள்ளைக்குக் கேடு செய்கிறவன் எப்போதும் ஊர் தெரியாதவனாக இருப்பதில்லை. பிள்ளை ‘மாமா’ என்று கூப்பிடும் ஆளாகவும் இருக்கலாம். பெண் பிள்ளைக்கு மட்டும் வருவது என்றும் நினைக்க வேண்டாம். அப்படி ஏதும் தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்குப் பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தலைவர் வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளும் விடயம் இது இல்லை.

சரி, வயது என்ன? நமது கருத்தைக் கேட்டால், எட்டு வயதுக்குக் கீழ் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அதற்கு மேல் வயதைவிட நேரத்தையும் இடத்தையும் பாருங்கள். கூப்பிட்டால் ஓடிவர அடுத்த காம்பராவில் ஒரு பெரியவர் இருக்கிறாரா? அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறீர்களா, அல்லது இருப்பார் என்று நினைத்துக்கொண்டு போகிறீர்களா? பிள்ளை அடுப்பைத் தொடாமல் இருக்க, மத்தியானச் சோறு காலையிலேயே போட்டு மூடி வைக்கப்பட்டிருக்கிறதா? உங்கள் போன் நம்பரைப் பார்க்காமல் சொல்லுமா? வெளியில் பூட்டிவிட்டுப் போவதை மட்டும் செய்யவே வேண்டாம். தீ வந்தால் அந்தப் பூட்டுத்தான் எமன்.

பத்து வயது அக்காவிடம் மூன்று வயதுத் தம்பியை ஒப்படைப்பது வேறு கணக்கு. தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்று அர்த்தமில்லை. அதோடு, பிள்ளைக் காம்பரா பூட்டியிருக்கும் நாளில் அக்காவின் பாடசாலையும் நின்றுவிடுகிறது. புலமைப்பரிசில் பரீட்சை எழுத வேண்டிய வருடத்தில் எத்தனை பெண் பிள்ளைகளின் வரவுப் பதிவேடு இப்படி ஓட்டை விழுந்து கிடக்கிறது என்று நம் தோட்டத்து ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இனி ஆண் தோழர்களுக்கு. கவ்வாத்து, கான் வெட்டு, புல் வெட்டு என்று போகும் ஆண்களுக்குப் பெரும்பாலும் அளவு வேலை. கொடுத்ததை முடித்தால் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ இறங்கிவிடலாம். பிள்ளை வீடு வரும் நேரமும் ஏறக்குறைய அதுதான். ஆனாலும் பிள்ளை தனியாக இருக்கிறது. அப்பா ரவுணில் இருக்கிறார், அல்லது மரக்கறித் தோட்டத்தில் இரண்டாவது வேலையில் இருக்கிறார், அல்லது எங்கே இருக்கிறார் என்று நாம் இங்கே எழுத வேண்டியதில்லை. இரண்டாவது வேலைக்குப் போகிறவரைக் குறை சொல்ல மாட்டோம். ஒரு நாட்சம்பளத்தில் அடுப்பு எரியாது. மற்றவர்களைக் கேட்கிறோம்: பிள்ளைக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அதன் கொப்பியைத் திறந்து பார்ப்பதற்கு மாதர் அணி வந்து தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமா? பிள்ளையைப் பார்ப்பது பொம்பளை வேலை என்று சங்க மேடையில் உட்கார்ந்திருக்கும் நம் தலைவர்மார் சிலரும் நினைக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

ஆனால் வீட்டுக்குள் எவ்வளவு சரிசெய்தாலும் மிச்சம் ஒன்று இருக்கிறது. அது தோட்டத்தின் பொறுப்பு. காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பார்க்க இரண்டு மணிக்கு மலையிலிருந்து இறங்கிய ஒரு தாய்க்கு, காலையிலிருந்து பத்துக் கிலோவுக்கு மேல் எடுத்திருந்தும் அரைப் பேர் போட்டதாக நம்மிடம் முறைப்பாடு வந்தது. கேட்டதற்கு, “ஒருவருக்கு விட்டால் எல்லாரும் இறங்குவார்கள்” என்றார் வெளிக்கள உத்தியோகத்தர். எல்லாரும் இறங்குவார்கள் என்றால் எல்லாருக்கும் அந்தத் தேவை இருக்கிறது என்றுதானே பொருள்?

நாம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. பிள்ளைக் காம்பராக் கட்டடம் இருக்கிறது. சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். பாடசாலை விட்டு வரும் தரம் ஐந்து வரையான பிள்ளைகளை அந்தி நிறுவை முடியும் வரை அங்கே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு உதவியாக இன்னொரு ஆயம்மாவைப் பேர் போட்டு நிறுத்த வேண்டும். கைக்காசு வேலை கொடுக்கும் ஞாயிறுகளில் பிள்ளைக் காம்பராவைத் திறக்க வேண்டும். பிள்ளைக்கு வருத்தம் என்று இறங்கும் தாய்க்கு எடுத்த கிலோவுக்குரிய சம்பளம் குறையாமல் கிடைக்க வேண்டும்.

இதையெல்லாம் எங்கே பேசுவது என்பதுதான் இன்றைய சிக்கல். 2019இல் கைச்சாத்திட்ட கூட்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு கம்பனிகள் அந்த மேசையை விட்டு எழும்பிவிட்டன. சம்பளம் சம்பள நிர்ணய சபைக்குப் போய், 2021இல் ஆயிரம் ரூபா வந்தது. அங்கே பேச்செல்லாம் நாட்சம்பளத்தைப் பற்றித்தான். பிள்ளைக் காம்பராவைப் பற்றிப் பேச அந்த மேசையில் இடமில்லை. ஆயிரம் ரூபாவைப் பெற நாம் போராடியது சரி. கூட்டு ஒப்பந்தம் போனதோடு சேமநலம் பேசும் இடமும் போனதை மட்டும் நம் சங்கங்கள் போதிய சத்தத்தில் சொல்லவில்லை. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தில் அரசாங்கம், கம்பனி ஆகியவற்றோடு தொழிற்சங்கங்களுக்கும் இடம் உண்டு. அங்கே போகும் நம் பிரதிநிதிகள் இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொண்டுபோக வேண்டும்.

வெறுங்கையோடு போனால் கேட்க மாட்டார்கள். ஆகவே அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு முன், ஒவ்வொரு டிவிசனிலும் ஐந்து வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், பகல் இரண்டு மணிக்கு அவர்களோடு யார் இருக்கிறார், பிள்ளைக் காம்பரா எந்த நாட்களில் பூட்டிக் கிடக்கிறது என்ற மூன்றையும் எடுத்துத் தாருங்கள். கணக்கை மாதர் அணித் தலைவிகளே லயம் லயமாகப் போய் எழுதட்டும். தலைவர்மாரிடம் விட்டால், இரண்டு மணிக்கு வீட்டில் யார் இருந்தது என்று அவர்கள் முதலில் தங்கள் மனைவியிடம் கேட்க வேண்டியிருக்கும்.