வெட்டியது போக மிஞ்சியது

ஆயத்த ஆடை தைக்கும் கூடங்களில் துணியை முதலில் அடுக்கடுக்காக விரிப்பார்கள். பல மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததும், கழுத்தும் கையும் முதுகும் வரைந்த மார்க்கர் தாளை மேலே பரப்பி, கட்டிங் மாஸ்டர் கத்தியை ஓட்டத் தொடங்குவார். எவ்வளவு நெருக்கிப் போட்டாலும் கைக்குழிக்கும் கழுத்து வளைவுக்கும் நடுவே பிறையாக, ஆப்பாக, நாடாவாகத் துணி மிஞ்சத்தான் செய்யும். விரித்த துணியில் பத்தில் ஒரு பங்கு இப்படிக் கழிந்தாலும் இத்தொழிலில் யாரும் வியப்பதில்லை. 1964-இல் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து அந்தக் கழிவு மூட்டை மூட்டையாக எடைக்குப் போகிறது. பருத்தியானால் லேத் பட்டறையில் எண்ணெய் துடைக்கும் வேஸ்ட். ஏதோ சில மூட்டைகள் மட்டும் பாடி, கொரட்டூர், ஆவடிப் பக்கத்து வீட்டுத் தையல் மெஷின்களை வந்தடைந்து, கரித்துணியாகவும் கால்மிதியாகவும் குழந்தைக்கு விரிக்கும் ஒட்டுத்துணி விரிப்பாகவும் இன்னொரு பிறவி எடுக்கின்றன.

சென்னை துணிக்காகவே பிறந்த ஊர். 1639-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணங்களில் முதன்மையானது, இங்கே துணி மலிவு என்பது. 1730-களில் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்கென்றே சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தார்கள். சோழமண்டலக் கரையின் பூவெழுத்துச் சீட்டித் துணி ஐரோப்பியச் சீமாட்டிகளை மயக்கிய வேகத்தைக் கண்டு, பிரான்ஸ் 1686-இலேயே அதற்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1700-இல் இறக்குமதியைத் தடுத்தது, அதுவும் போதாமல் 1721-இல் உடுத்துவதையே குற்றமாக்கியது. கிடைப்பதற்கரிய துணியின் துண்டும் அரிதல்லவா? இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் 1708 வாக்கில் இந்தியச் சீட்டித் துண்டுகளைக் கோத்துத் தைத்த படுக்கை விரிப்பு இன்றும் இருக்கிறது. அந்நாட்டின் மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைகளில் ஒன்று என்று அதைக் கொண்டாடுகிறார்கள். நம் பக்கத்திலோ, முழுத்துணி கப்பலேறியபின் தறியடியில் கிடந்த துண்டுக்கு ஒரு சாட்சியும் இல்லை. கிழியும்வரை உடுத்து, கிழிந்தபின் விரித்து, விரிப்பும் நைந்தபின் அடுப்படியில் பிடிதுணியாக்கிக் கரியோடு கரியாக்கியவர்கள் எதை விட்டுவைத்திருக்க முடியும்?

சீருடைத் துணிக்கும் இங்கே ஒரு நெடுங்கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூந்தமல்லியில் வெள்ளைச் சிப்பாய்களுக்கென ஒரு ராணுவ முகாம் இருந்தது. கப்பலில் வந்திறங்கியவர்களும் ஊர் திரும்பக் காத்திருந்தவர்களும் அங்கே தங்கினார்கள். அந்தக் காலத்துச் சிப்பாய்களைக் குடியிலிருந்து விலக்கி வைக்க ஊசிவேலையைப் பழக்கியது ராணுவம். 1864-க்கும் 1877-க்கும் இடையே இந்தியாவில் பணியாற்றிய பிரான்சிஸ் பிரெய்லி என்ற சாதாரணச் சிப்பாய், சீருடைக் கம்பளித் துண்டுகளை அறுகோணங்களாக வெட்டிக் கோத்த விரிப்பு இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னாளில் பெரம்பூர் பின்னி ஆலைக் காக்கி ஊருலகமெல்லாம் பெயர் வாங்கியது. 1996-இல் அந்த ஆலை ஓய்ந்தது. 1961-இல் தொடங்கிய ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலை 2021-இல் புது நிறுவனம் ஒன்றின்கீழ்ப் போனாலும், உள்ளே கத்தி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆலைகளின் பெயர்ப்பலகைகள் மாறிய அளவுக்கு அவற்றின் வெட்டு மேசைகள் மாறவில்லை.

ஒட்டுத் தையலைப் பற்றிப் பேசும்போது பாட்டிமார்களின் சிக்கனத்தை மெச்சுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பொருநராற்றுப்படையில் புரவலன் வாசலுக்கு வரும் பொருநனின் உடம்பில் கிடப்பது வேற்று நூல் ஓடிய, ஈரும் பேனும் குடியிருக்கும் கந்தை. அதை நீக்கிப் புத்தாடை அணிவிப்பதுதான் கொடை. 1943-இல் துணிக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது துண்டுகளைச் சேர்த்தவர்களும் அழகுக்காகச் சேர்க்கவில்லை. ஆனால் இன்னொரு மரபும் கூடவே வந்திருக்கிறது. மகதத்து வயல்களின் வரப்புகளைக் காட்டி, அதுபோலத் துண்டுகளை இணைத்துத் துறவியர் ஆடையான சீவரம் தைக்க முடியுமா என்று புத்தர் கேட்க, ஆனந்தர் தைத்துக் காட்டியதாக விநயபிடகம் சொல்கிறது. அத்தகைய ஆடையணிந்த துறவிகள் காஞ்சியில் நிறைந்திருந்ததை ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் எழுதிவைத்தார். இல்லாதவன் உடுத்த ஒட்டுத்துணியையே எல்லாம் துறந்தவனும் தேடி உடுத்தியிருக்கிறான்.

தைக்கும் முறையில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. அடியில் ஒரு பழைய வேட்டித் துண்டு, அதன் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு நாடா. அதன்மேல் அடுத்த நாடாவைக் கவிழ்த்து, விளிம்போடு விளிம்பு வைத்து ஒரு தையல். பிறகு திருப்பிவிட்டு, கட்டைவிரல் நகத்தால் தையலை ஒரு தேய்ப்பு. துண்டு எத்தனை கோணலாக இருந்தாலும் அடித்துணி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சதுரம் நிறைந்ததும் ஓரத்தை வெட்டிச் சீராக்கி, சதுரத்தோடு சதுரம் சேர்த்து, நடுவில் நைந்த பருத்திப் புடவையை மடித்து வைத்து ஓட்டுத்தையல் போட்டால் முடிந்தது. சாயத்துணியை முன்கூட்டியே நனைத்துக் காயவைக்காவிட்டால் முதல் துவைப்பிலேயே பக்கத்து வெள்ளை கெடும். பருத்தியோடு பாலியெஸ்டரைச் சேர்த்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. விரிப்பு முழுக்க அலை விழும்.

ஆனாலும் இன்றைய மூட்டையில் பாலியெஸ்டர்தான் அதிகம். நைட்டித் துண்டு, பள்ளிச் சீருடைக் கட்டம், 1983 முதல் பொங்கலுக்கு அரசு கொடுத்துவரும் சேலையின் கரை என்று எல்லாவற்றிலும் அது கலந்திருக்கிறது. ஆவடியின் புதுப் போர்ச் சீருடைத் துண்டு மட்டும் இந்த மூட்டையில் சேராது. 2022-இல் வந்த அந்த வடிவத்தை ராணுவம் தன் உரிமையாகப் பதிந்துகொண்டது. பிரெய்லியின் துண்டுகளுக்கு அப்படியொரு காவல் இருந்ததில்லை. பருத்தி மக்கியதால் நம் முன்னோரின் விரிப்புகள் தடமில்லாமல் போயின. பாலியெஸ்டர் அத்தனை எளிதில் மக்காது. நூறாண்டு கழித்து யாராவது அம்பத்தூர் வீட்டு விரிப்பொன்றைப் பிரித்துப் பார்த்தால், இங்கே தைக்கப்பட்டு, இங்கே ஒருவரும் உடுத்தாத ஏற்றுமதிச் சட்டைகளின் கைக்குழி வளைவுகள் வரிசையாகக் கிடைக்கும்.