தேனடையும் சித்ரகூடத்துப் பாசியும்

பீம்பேட்கா குகையில் 55 கோடி ஆண்டுப் பழைய விலங்கின் தடம் என்ற செய்தி மயிலாப்பூர், அடையாறு வாட்ஸ்அப் குழுக்களில் இந்த வாரமும் பெருமையோடு சுற்றுகிறது. எரிச்சலாக இருக்கிறது. 2021-ல் டிக்கின்சோனியா என்று அறிவிக்கப்பட்ட அந்தத் தடம் மலைத்தேனீயின் பழைய அடை என்று 2023-லேயே தெரிந்துவிட்டது. முதலில் அறிவித்த ரெட்டலாக்கே தவறை ஒப்புக்கொண்டார். செய்தி ஊர் சுற்றும், திருத்தம் வாசலைத் தாண்டாது என்று இந்தப் பத்தி எத்தனை முறை புலம்பியிருக்கிறது! நம் அடுக்குமாடிகளில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ கட்டிய அடையைக் கலைத்த பிறகும் மெழுகுக் கறை அரைவட்டமாக ஒட்டியிருக்கும். பீம்பேட்காவில் இருந்ததும் அப்படித்தான். பாறைமேல் ஒட்டி, உரியத் தொடங்கியிருந்தது.

எலும்பும் ஓடும் இல்லாத உயிர் பெரும்பாலும் தன் வடிவத்தை மட்டுமே விட்டுப்போகிறது. அந்த ஒற்றைச் சாட்சியை நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு தொல்லுயிரியலாளர் ரஃபத் அஸ்மியின் கதையைவிட நல்ல உதாரணம் இல்லை. அவர் சித்ரகூடம் பக்கத்து விந்தியப் பாறைகளில் நுண்ணிய புதைபடிவங்களைக் கண்டு, கேம்பிரியக் காலத்தின் சிற்றோட்டு உயிர்கள் என்றார். அப்படியானால் பாறைக்கு வயது சுமார் 54 கோடி. கதிரியக்கக் கணக்கோ 160 கோடி என்றது. படிவங்களே மெய்தானா என்ற சந்தேகம் கிளம்பியது. ஸ்வீடனின் ஸ்டெஃபான் பெங்ட்சன் குழு புதிதாக மாதிரி எடுத்து, படிவம் இருந்த அதே பாறையின் வயதைக் கணித்து 2009-ல் வெளியிட்டது: 165 கோடி, ஏறக்குறைய 9 கோடி கூடலாம், குறையலாம். படிவங்கள் மெய், விலங்குகள் அல்ல. கருமுட்டை போலத் தெரிந்த உருண்டைகள் நுண்ணுயிர்ப் படலத்தின் கொழகொழப்பில் சிக்கிய வாயுக் குமிழிகள்.

வடிவம் போதாதென்றால் 2017-ல் அதே குழு அங்கிருந்து சிவப்புப் பாசியை அறிவித்தது மட்டும் எப்படிச் செல்லும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே வெளிக்கோட்டோடு நிற்கவில்லை. எக்ஸ்-கதிரால் உள்ளே பார்த்தார்கள். செல்சுவர்கள் தெரிந்தன, செல்லுக்குள் வட்டு போன்ற ஒன்றும் தெரிந்தது. டிக்கின்சோனியா விலங்குதான் என்பதற்கு வலுவான ஆதாரமும் 2018-ல் ரஷ்யாவின் வெண்கடல் படிவத்தில் கிடைத்த கொலஸ்ட்ரால் மூலக்கூறின் எச்சம்தான். பல பத்தாண்டுகள் வடிவத்தைப் பார்த்து வாதாடியும் தீராத வழக்கு அது. சித்ரகூடத்துப் படிவம் பாசி என்பதை ஏற்கத் தயங்குகிறவர்கள் இன்றும் உண்டு, தயங்கட்டும். அஸ்மி வயதில் தவறினார், கண்டெடுத்ததில் தவறவில்லை. தலைமுடி போன்ற மெல்லிய இழையான அந்தப் பாசிக்கு வைத்த பெயர் ரஃபதாஸ்மியா சித்ரகூடென்சிஸ். பெருமையோடு பகிர வேண்டுமென்றால் இதைப் பகிருங்கள்.