ஒளித்திரையும் தாய்மொழியும்

பின்னொளி வேண்டாது, மின்னோட்டம் பாய்ந்த அளவிலே தானே ஒளிரும் கரிமச் சேர்மப் படலமே இன்றைய கைப்பேசித் திரைகள் பலவற்றின் உயிர். அமெரிக்கக் கோடாக்கு நிறுவன ஆய்வர் 1987-இல் அதனைக் குறைந்த மின்னழுத்தத்தில் ஒளிரச்செய்து காட்டினர். 2001-இல் செருமனியின் திரெசுடன் நகரப் பல்கலைக்கழக ஆய்வினின்று 'நோவலெட்' எனும் சிறு நிறுவனம் முளைத்தது. 2013-இல் கொரியாவின் சாம்சங் குழுமம் அதனை விலைக்கு வாங்கியது.

ஆக்கிய நாடு செருமானியத்திற் கற்கின்றது. வாங்கிய நாடு கொரியத்திற் கற்கின்றது. தாய்மொழி அவர்க்குத் தடையாயிற்றா? இல்லையே! நாமோ திரையை மட்டும் வாங்குகின்றோம்.

புதுவை அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டில் நடுவண் பாடத்திட்டத்திற்கு மாறின. குருவிநத்தத்து உழவர் வீட்டுப் பிள்ளை கரிமத்தையும் மின்னியலையும் வேற்றுமொழியில் மனப்பாடம் செய்வதா, தன் மொழியில் விளங்கிக்கொள்வதா? விளங்கியவனே புதுத்தொழில் தொடங்குவான். தமிழ்வழி அறிவியலை மீட்போம், தமிழர்களே!